ரப்பர் தோட்டத்தில் ஒரு ஸ்லாஷர்: உங்கள் படத்தில் எது நிற்கிறது, எது சரிகிறது

கேள்வி: அருமனைக்கும் பத்துகாணிக்கும் நடுவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் 8 லட்ச ரூபாயில் ஸ்லாஷர் படம் எடுத்திருக்கிறோம். முகமூடிக் கொலைகாரன், ஏழு இளைஞர்கள், ஒரே ராத்திரி. ஓடும் நேரம் 1 மணி 52 நிமிடம். டப்பிங் முடிந்துவிட்டது, பின்னணி இசை தற்காலிகமானது. பார்த்தவர்கள் எல்லாரும் "மேக்கிங் நல்லா இருக்கு, ஆனா பயம் வரல" என்கிறார்கள். எது சரி, எது தப்பு? இன்னும் ஒன்றரை லட்சம் வரை செலவு செய்யலாம்.

பதில்:

தம்பி, நீங்கள் அனுப்பிய படத்தை முழுக்கப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். பயம் வராததற்குக் காரணம் பணம் இல்லை. பணம் குறைவாக இருந்தும் பெரிதாக அடிவாங்காத ஒரே வகைப் படம் ஸ்லாஷர்தான். 1974-ல் வந்த 'டெக்சஸ் செயின் சா மசாகர்' 16 எம்எம் ஃபிலிமில், ஒன்றரை லட்சம் டாலருக்கும் குறைவாக எடுத்த படம். ஓடுவது 83 நிமிடம். 1978-ல் வந்த 'ஹாலோவீன்' ஏறத்தாழ 3 லட்சம் டாலர், 91 நிமிடம். இரண்டிலும் திரையில் தெரிகிற ரத்தம் நீங்கள் நினைப்பதைவிட மிகக் குறைவு. அவர்களிடம் இருந்தது, உங்களிடம் இல்லாதது ஒன்றுதான்: எந்த வீடு எங்கே இருக்கிறது, யார் எங்கே நிற்கிறார்கள், கொலைகாரன் எந்தப் பக்கத்திலிருந்து வர முடியும் என்பது படம் பார்க்கிறவருக்கு எப்போதும் தெரியும்.

உங்கள் படத்தின் பெரிய பலம் அந்தத் தோட்டம். பெரிய குறையும் அங்கேதான். தோட்டத்தின் வழி நமக்குப் பிடிபடவே இல்லை. 38-வது நிமிடத்தில் அந்தப் பெண் பங்களாவிலிருந்து வெளியே ஓடுகிறாள். முதல் ஷாட்டில் வலமிருந்து இடம், அடுத்ததில் இடமிருந்து வலம், மூன்றாவதில் நேராக கேமராவை நோக்கி. அதற்கப்புறம் திடீரென்று புகைப்புரை (ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்தும் அறை) வாசலில் நிற்கிறாள். அவள் ரோட்டை நோக்கி ஓடினாளா, உள்ளே ஓடினாளா என்று தெரியாமல் எப்படிப் பதறுவது? ரோடு நாற்பது அடி தூரத்தில் இருக்கிறது என்று நமக்குத் தெரிந்து, அவள் எதிர்ப்பக்கம் திரும்பினால்தான் நெஞ்சு அடிக்கும்.

தொடக்கத்தில் வைத்திருக்கும் ட்ரோன் ஷாட் இதற்கு உதவாது. மேலிருந்து பார்த்தால் பச்சைக் கம்பளம் மட்டும்தான் தெரிகிறது. அதை எடுத்துவிடுங்கள். பதிலாக அரை நாள் பேட்ச் ஒர்க் (விடுபட்ட ஷாட்டுகளை மட்டும் பிறகு எடுப்பது) வைத்து, பகல் வெளிச்சத்தில் ஒரு பால்வெட்டுக்காரர் வாளியோடு பங்களாவிலிருந்து கிணறு, ஷீட் அடிக்கிற ரோலர் ஷெட், புகைப்புரை, கடைசியில் பஸ் போகிற ரோடு என்று நடப்பதைத் தொண்ணூறு வினாடி காட்டுங்கள். வசனம் வேண்டாம். கிணறு தவிர மற்ற நான்கு இடத்துக்கும் நான்கு வெளிச்சம் கொடுங்கள்: பங்களாவில் மஞ்சள் பல்பு, ரோலர் ஷெட்டில் ட்யூப் லைட், புகைப்புரையில் அடுப்பின் சிவப்பு, ரோட்டில் எப்போதாவது வந்துபோகும் வண்டி வெளிச்சம். இரவில் ஒரு முகத்தின் மேல் விழும் நிறத்தை வைத்தே அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்துவிடும்.

எடுத்து முடித்த ஓட்டக் காட்சிகளுக்கும் வழி உண்டு. திரையின் வலப்பக்கம் ரோடு, இடப்பக்கம் புகைப்புரை என்று ஒரு முடிவு எடுத்துக்கொண்டு, அதற்கு எதிராகப் போகும் ஷாட்டுகளை எடிட்டில் இடவலமாகத் திருப்பிப் போடுங்கள். மரங்கள் மட்டும் தெரியும் ஷாட்டில் யாருக்கும் தெரியாது. ஆனால் சட்டைப் பாக்கெட், கைக்கடிகாரம், வகிடு, பனியனில் எழுத்து, மரத்தில் வெட்டுப்பட்டையின் சரிவு இவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். இடது மேலிருந்து வலது கீழாக இறங்கும் வெட்டு இடவலம் மாறித் தெரிந்தால் சென்னையில் யாரும் கவனிக்க மாட்டார்கள். குலசேகரத்திலும் வெள்ளறடையிலும் ஒவ்வொருவரும் கவனிப்பார்கள்.

அடுத்த குறை இதையும்விட எளிதாகத் தீரும். நீங்கள் எடுத்தது இலை உதிரும் காலம். தரை முழுக்கக் காய்ந்த ரப்பர் சருகு, கணுக்கால் மூடும் அளவுக்கு. அதன் மேல் ஒரு நாய் நடந்தாலே ஐம்பது அடிக்குக் கேட்கும். உங்கள் கொலைகாரன் ஆறடி ஆள், கனத்த பூட்ஸ் போட்டவன், நான்கு முறை பின்னால் வந்து சத்தமே இல்லாமல் நிற்கிறான். விடியற்காலையில் பனி விழுந்து சருகு நனைந்திருந்தால்கூட ஒத்துக்கொள்ளலாம். உங்கள் கதை இரவு எட்டு மணிக்கு ஆரம்பிக்கிறது. ரப்பர் நாட்டில் வளர்ந்தவர்கள் அந்த இடத்தில் படத்தைவிட்டு வெளியே வந்துவிடுவார்கள்.

இதைச் சரிசெய்தால் குறையே பலமாகிவிடும். கொலைகாரனைச் சத்தமில்லாதவனாக வைக்காதீர்கள், கேட்கும்படி வையுங்கள். அந்தப் பெண் நடக்கிறாள், சருகு நொறுங்குகிறது. நிற்கிறாள். அவள் காலடி நின்ற பிறகு இன்னும் இரண்டு காலடி. அவ்வளவுதான். அவனைக் காட்டவே வேண்டாம். இதற்குப் புதிதாக ஒரு ஷாட்கூட எடுக்க வேண்டியதில்லை. சாக்கு நிறையக் காய்ந்த சருகை அள்ளிக்கொண்டு போய் அமைதியான ஓர் அறையில் பரப்பி, அவளுடைய செருப்புக்கும் அவனுடைய பூட்ஸுக்கும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். இரண்டு சத்தமும் வேறாக இருக்க வேண்டும். அவள் செருப்பு 'சரசர', அவன் பூட்ஸ் ஒவ்வொரு அடிக்கும் ஒரே ஒரு 'நொறுக்'. இரண்டாவது கொலை முடிவதற்குள் பார்க்கிறவர்கள் அந்தச் சத்தத்தை அடையாளம் கண்டுகொள்வார்கள். அதற்குப் பிறகு அந்த ஒற்றை 'நொறுக்' போதும்.

படத்தின் மிகச் சிறந்த இடத்தை இப்போது சொல்கிறேன். 61-வது நிமிடம், விடியலுக்கு முன்னால் பால்வெட்டு ஆரம்பிக்கும் நேரம். வரிசையாக நிற்கும் மரங்களுக்கு நடுவில் ஐந்து ஹெட்லைட், பால்வெட்டுக்காரர்கள் தலையில் கட்டும் விளக்கு. ஒவ்வொரு வெளிச்சமும் ஒரு மரத்தடியில் சில வினாடி நிற்கிறது, வெட்டுகிறது, அடுத்த மரத்துக்குப் போகிறது. ஒன்று மட்டும் எந்த மரத்திலும் நிற்காமல் நேராக வருகிறது. இந்த யோசனை உங்களுக்குச் சொந்தமானது. வேறு ஊர்க்காரருக்கு இது தோன்றாது. இதற்காகவே இந்தப் படத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆனால் அதை நீங்கள் நான்கு வினாடியில் வெட்டிவிட்டு, கூடவே இசையை உச்சத்துக்கு ஏற்றியிருக்கிறீர்கள். வெளிச்சங்களின் ஒழுங்கைக் கண் பழகினால்தானே ஒழுங்கு மீறுவது தெரியும்? முழு ஃபுட்டேஜும் இருந்தால் குறைந்தது இருபத்தைந்து வினாடி ஓடவிடுங்கள். இசை வேண்டாம், பட்டை சீவும் சத்தம் மட்டும். எந்த வெளிச்சம் தப்பு என்று பார்க்கிறவர்களே கண்டுபிடிக்கட்டும். ஒரு தொழில்நுட்பக் குறையும் உண்டு. இரண்டு ஹெட்லைட்டில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடுகின்றன. மலிவான எல்இடி ஹெட்லைட்டைக் குறைந்த வெளிச்சத்தில் வைத்தால் அது வேகமாக அணைந்து எரியும், கேமரா அதைப் பிடித்துவிடும். முழு வெளிச்சத்தில் வைத்தால் பெரும்பாலும் வராது. வெளிச்சம் அதிகமாகத் தெரிந்தால் விளக்கின் மேல் பட்டர் பேப்பர் ஒட்டிக் குறையுங்கள். ரோலர் ஷெட் ட்யூப் லைட்டில் வரும் துடிப்பு வேறு காரணத்தால். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 25 ஃப்ரேமில் ஷட்டர் 1/50 வைத்திருந்தால் வந்திருக்காது. 24 ஃப்ரேமில்தான் எடுப்போம் என்றால் ஷட்டர் 172.8 டிகிரி.

இரவுக் காட்சிகளில் புள்ளிப்புள்ளியாக இரைச்சல் தெரிகிறது. சோனி ஏ7எஸ் 3 கேமராவில் எஸ்-லாக் 3 (பின்னால் நிறம் திருத்த வசதியான பதிவு முறை) வைத்து ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 6400-ல் எடுத்ததாகச் சொல்கிறீர்கள். அந்தக் கேமராவுக்கு எஸ்-லாக் 3-ல் அடிப்படை ஐஎஸ்ஓ இரண்டு: 640, 12800. நடுவில் 6400-ல் எடுப்பதைவிட 12800-க்கு ஏற்றிவிட்டு லென்ஸ் துளையைச் சுருக்கியோ, வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போட்டோ எடுத்தால் படம் சுத்தமாக இருக்கும். எடுத்தாகிவிட்டது, பரவாயில்லை. கிரேடிங்கில் (நிறம் திருத்தும்போது) நிழலைத் தூக்கிப் பார்க்க முயலாதீர்கள். இருட்டு இருட்டாகவே இருக்கட்டும். தூக்கினால் இரைச்சலும் வரும், ஆன்லைனில் ஏற்றும்போது கறுப்பெல்லாம் கட்டம் கட்டமாக உடையும்.

பேட்ச் ஒர்க்கில் புதிதாக எடுக்கப்போகும் இரவுக்கு இரண்டு வழி. ஒன்று அந்தி. நம் ஊரில் சூரியன் மறைந்து இருபது நிமிடத்தில் இருட்டிவிடும், மரத்தடியில் அதற்கும் முன்னாலேயே. வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வதைப் போல ஒரு மணி நேரம் கிடைக்காது. ஆகவே ஒரு நாளைக்கு இரண்டு ஷாட்டுக்கு மேல் திட்டமிடாதீர்கள், நான்கு மணிக்கே ஒத்திகையை முடித்துவிடுங்கள். மற்றது, பகலில் எடுத்து இரவாக்குவது. வெயில் எதிர்ப்பக்கமிருந்து வரும்படி நின்று, வெளிச்சத்தை இரண்டு ஸ்டாப் (நான்கில் ஒரு பங்காக) குறைத்து, ஒயிட் பேலன்ஸை 3200-ல் வைத்து எடுங்கள். வானம் ஃப்ரேமுக்குள் வரவே கூடாது. இலை அடர்ந்த தோட்டத்தில் அது எளிது, இலை உதிர்ந்த தோட்டத்தில் கேமராவைத் தாழ்த்திக் கீழ்நோக்கி வைக்க வேண்டும். இந்த முறையில் கையில் டார்ச் இருக்கும் காட்சி எடுக்காதீர்கள், பகலில் அதன் வெளிச்சம் விழாது. எந்த வழியானாலும் நடைபாதையிலும் மரத்தடியிலும் தண்ணீர் தெளியுங்கள். காய்ந்த மண் வெளிச்சத்தைக் குடித்துவிடும். நனைந்த மண்ணும் இலையும் பின்னாலிருந்து வரும் ஒற்றை விளக்கையே பத்தாகக் காட்டும்.

இனி ரத்தம். மூன்றாவது கொலையில் ரத்தம் ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறது, காரணம் கேசரிப் பவுடர். ஐந்தாவதில் கறுப்பாக இருக்கிறது, காரணம் நீல விளக்கு. நீல வெளிச்சத்தில் எந்தச் சிவப்பும் கறுப்பாகத்தான் தெரியும். ரத்தம் தெரிய வேண்டிய இடத்தில் மட்டுமாவது ஒரு மஞ்சள் வெளிச்சம் விழ வேண்டும். கலவை இப்படி: பேக்கரிச் சாமான் கடையில் கிடைக்கும் லிக்விட் குளுக்கோஸ் அரை லிட்டர், வெந்நீர் 150 மில்லி, அதில் கட்டியில்லாமல் கரைத்த கோகோ பவுடர் இரண்டு டீஸ்பூன், சிவப்பு உணவு நிறம் (திரவம்) இரண்டு டீஸ்பூன், நீலம் இரண்டு மூன்று சொட்டு. கோகோ இல்லாமல் செய்தால் ஜாம் மாதிரி ஒளி ஊடுருவும், ரத்தம் அப்படி இருக்காது. நீலம் ஒரு சொட்டு கூடினாலும் ஊதாவாகிவிடும், அதனால் கடைசியில் சேருங்கள். எந்த விளக்கில் எடுக்கிறீர்களோ அந்த விளக்கில், நடிகர் போடும் சட்டைத் துணியின் மேலேயே ஊற்றி, கேமரா வழியாகப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இது சர்க்கரைப் பாகுதான். தோட்டத் தரையில் பத்து நிமிடம் படுத்தால் எறும்பு வரும். முசுறு கூடு இருக்கும் மரத்தடியில் யாரையும் படுக்க வைக்காதீர்கள். ஒரே சட்டை குறைந்தது மூன்று வாங்குங்கள். உங்கள் படத்தில் ஒரு ஷாட்டில் நனைந்திருக்கும் கறை அடுத்த ஷாட்டில் காய்ந்து மறுபடியும் நனைகிறது.

காயங்களுக்கு ரப்பர் பால் பயன்படுத்தியது நல்ல யோசனை, ஆனால் தோட்டத்துப் பாலை அப்படியே முகத்தில் பூசியது ஆபத்து. அம்மோனியா கலந்த பால் கண்ணையும் தோலையும் எரிக்கும். ரப்பர் பாலில் இருக்கும் புரதமே சிலருக்கு ஒவ்வாது, மூச்சுத்திணறல் வரை போகும். மேக்கப்புக்கென்று விற்கும் லேடெக்ஸ் வாங்கி, முந்தைய நாளே முழங்கையின் உள்பக்கம் ஒரு பொட்டு வைத்துப் பாருங்கள். புருவம், மீசை, தாடி மேல் பூசாதீர்கள். பட வேண்டியிருந்தால் முதலில் வாசலின் தடவுங்கள். முகமூடிக்குத் தோட்டத்துப் பாலைப் பயன்படுத்தலாம். ஆனால் அது நீர்த்த பால், காய்ந்தால் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் ரப்பர் நிற்கும். சென்ட்ரிஃப்யூஜ் செய்த (இயந்திரத்தில் சுழற்றித் தண்ணீரைப் பிரித்த) பாலில் 60 சதவீதம் ரப்பர். அது கிடைத்தால் பிளாஸ்டர் அச்சில் ஐந்தாறு பூச்சில் மாஸ்க் தயாராகிவிடும். ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. உங்கள் மாஸ்க்கில் வண்ணம் வெடித்து உதிர்வதற்குக் காரணம், வெறும் அக்ரிலிக் பெயிண்டை மேலே அடித்தது. பெயிண்டோடு கொஞ்சம் லேடெக்ஸைக் கலந்து அடித்தால் அதுவும் சேர்ந்து இழுபடும். கடைசியில் டால்கம் பவுடர் தூவித் துடையுங்கள். இப்போது மாஸ்க் பளபளக்கிறது, டார்ச் பட்டதும் கடைப் பொம்மையாகத் தெரிகிறது. 'ஹாலோவீன்' முகமூடி கடையில் இரண்டு டாலருக்கும் குறைவாக வாங்கிய, ஒரு நடிகரின் முகம் போலச் செய்த முகமூடி. வெள்ளை அடித்து, கண் துளையைப் பெரிதாக்கினார்கள். அவ்வளவுதான் வேலை. கண் இருக்கும் இடம் வெறும் இருட்டாகத் தெரிவதுதான் அதன் பயம். உங்கள் மாஸ்க்கிலும் கண் துளையை அரை அங்குலம் பெரிதாக்கி, உள்ளே இமையைச் சுற்றிக் கறுப்பு மை பூசுங்கள்.

ஆறு கொலையிலும் ரத்தம் பீறிட வேண்டாம். ஒன்றை மட்டும் கிட்டத்தில் ஒழுங்காகச் செய்துவிட்டு மற்றவற்றைச் சத்தத்துக்கு விட்டுவிடலாம். 1980-ல் வந்த 'ஃப்ரைடே தி தர்டீன்த்' படத்தில் கட்டிலில் படுத்திருப்பவன் கழுத்தில் அம்பு துளைத்து வரும் காட்சி இன்றும் பேசப்படுகிறது. அது பொய்க் கழுத்து. எடுக்கும்போது ரத்தப் பம்பின் குழாய் கழன்றுவிட, கட்டிலுக்கு அடியில் இருந்த உதவியாளர் குழாயை வாயில் வைத்து ஊதினார். அந்த டேக்தான் படத்தில் இருக்கிறது. உங்களிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. ரோலர் ஷெட்டில் கை மாட்டும் கொலை. ரப்பர் ஷீட் போலவே கை தட்டையாக வெளியே வரும் என்று எதிர்பார்க்க வைத்துவிட்டு ரோலரின் கைப்பிடி சுற்றுவதை மட்டும் காட்டுகிறீர்கள். அருமை. அதைத் தொடாதீர்கள். கீழே விழும் ரப்பர் விரல்களைக் காட்டும் ஷாட்டை மட்டும் வெட்டுங்கள்.

கொலைச் சத்தங்கள் இன்டர்நெட்டில் எடுத்தவை, ஆங்கிலப் படங்களில் பல முறை கேட்டவை. 'சைக்கோ'வில் கத்திக் குத்துக்கு முலாம்பழத்தைக் குத்திப் பதிவு செய்தார்கள். உங்களுக்கு வாழைத்தண்டு இருக்கிறது. வெட்டுக்கத்தியால் ஒரே வெட்டு, ஈரமும் நாரும் சேர்ந்த சத்தம். மரப்பட்டையில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை ஒரே இழுப்பாக உரிக்கும்போது மைக்கை நான்கு அங்குலத்தில் வையுங்கள். தோல் உரிவதற்கு அதைவிட நல்ல சத்தம் கிடைக்காது. எலும்பு முறியும் சத்தத்துக்குக் காய்ந்த முருங்கைக்காய். ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடம் யாரும் பேசாமல் அந்த இடத்துச் சத்தத்தையும் எடுத்து வாருங்கள். உங்கள் படத்தில் சில்வண்டுச் சத்தம் ஷாட்டுக்கு ஷாட் நின்று நின்று வருகிறது, அது எடிட்டைக் காட்டிக்கொடுக்கிறது.

இசையைப் பற்றி ஒன்றே ஒன்று. 'ஹாலோவீன்' படத்தை இசை சேர்க்கும் முன்பு ஒரு பெரிய ஸ்டுடியோ அதிகாரிக்குப் போட்டுக் காட்டியபோது அவர் பயப்படவே இல்லை என்று அதன் இயக்குநர் ஜான் கார்பெண்டர் சொல்லியிருக்கிறார். பிறகு அவரே இசையமைத்தார். ஐந்து தட்டுக் கணக்கில் ஓடும் ஒரு பியானோ மெட்டு, அவ்வளவுதான். படத்தைத் தூக்கி நிறுத்தியது அது. உங்கள் தற்காலிக இசை 1 மணி 52 நிமிடமும் ஒரே இரைச்சலாக ஓடுகிறது. கூடவே பதினொரு இடத்தில் 'டமார்'. அதில் ஒன்பது இடத்தில் பூனை, நண்பன், கதவு. மூன்றாவது பொய் மிரட்டலுக்குப் பிறகு காது பழகிவிடும், உண்மையான கொலைக்கும் அது அசையாது. பொய் மிரட்டல் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். கொலைகாரனுக்கு நான்கு ஸ்வரத்தில் ஒரு சின்ன மெட்டு போடச் சொல்லுங்கள். அவன் உண்மையில் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் அது வர வேண்டும், ஒருமுறைகூடப் பொய் சொல்லக் கூடாது. கடைசியில் அவன் அந்த மெட்டு இல்லாமல் வரட்டும்.

ஆட்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஏழு பேரில் மூன்று பேரின் பெயர்தான் நினைவில் நிற்கிறது. முதல் கொலை 41-வது நிமிடத்தில். அதுவரை பெரும்பாலும் பைக், பாட்டு, கிண்டல். அந்த இளைஞர்களில் இரண்டு பேரை ஒரே ஆளாக்க இப்போது முடியாது. ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு தேவையைக் கொடுக்கும் காட்சியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்துவிட்டால் முதல் கொலை 24-வது நிமிடத்துக்கு வந்துவிடும். மொத்தப் படமும் 90 நிமிடத்தில் நிற்க வேண்டும்.

டப்பிங்கில் எல்லாரும் டிவி தொடர் தமிழ் பேசுகிறார்கள். ஸ்பாட்டில் பதிவான ஒலியில், நீங்கள் விட்டுவைத்திருக்கும் அந்த ஒரு டீக்கடைக் காட்சியில், "லேய், எங்க போறிய மக்கா, ராத்திரி அங்க போவாதிய" என்று அந்தப் பெரியவர் சொல்வதைக் கேட்டதும் ஊரே கண் முன்னால் வந்துவிடுகிறது. அடுத்த காட்சியில் ஊர் காணாமல் போகிறது. மார்த்தாண்டத்திலும் களியக்காவிளையிலும் மலையாளப் படங்களை வாரம் தவறாமல் பார்க்கிற ரசிகர்கள் பேச்சு இயல்பாக இல்லாவிட்டால் உடனே விலகிவிடுவார்கள். ஏழு பேரில் உள்ளூர்க்காரர்களாக வரும் நான்கு பேருக்காவது மறு டப்பிங் செய்யுங்கள்.

இதைவிடக் கனமான ஒரு குறை இருக்கிறது. கொலைகாரன் மலையிலிருந்து இறங்கிவந்த காணிக்காரனோ என்று மூன்று இடத்தில் சந்தேகத்தைக் கிளப்புகிறீர்கள். கடைசியில் இல்லை என்று தெரிந்தாலும், ஒன்றரை மணி நேரம் பேச்சிப்பாறைப் பக்கம் வாழும் ஒரு பழங்குடி மக்களைக் காட்டிப் பயமுறுத்திவிட்டு "சும்மா" என்று சொல்வது நியாயம் இல்லை. கதைக்கும் அது தேவைப்படவில்லை. மூன்று வசனம்தான், வெட்டினால் ஒட்டுத் தெரியாது. அதேபோல் சிகரெட் பிடிக்கும் பெண் முதலில் சாகிறாள், கோயிலுக்குப் போகும் பெண் பிழைக்கிறாள். இந்தக் கணக்கு 1980-களிலேயே பழசு. அதுவும் போக, யார் பிழைப்பார்கள் என்று பத்தாவது நிமிடத்திலேயே சொல்லிவிடுகிறது. முதல் இரண்டு கொலைகளின் வரிசையை மாற்றினாலே போதும், உடையும் இடமும் பொருந்துகிறது.

எல்லைக் காட்சி நல்ல யோசனை. தப்பித்து ஓடுகிறவன் கேரளப் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போக, "இது தமிழ்நாட்டு ஏரியா, அங்கே போய்ச் சொல்" என்று அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய வேண்டும் என்பதுதான் சட்டம். ஜீரோ எஃப்ஐஆர் என்று எல்லாருக்கும் தெரிந்தது, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 173-வது பிரிவிலேயே வந்துவிட்டது. அந்தப் போலீஸ்காரர் மறுப்பதைவிட, புகாரை எழுதிக்கொண்டு, ஜீப்பை எடுத்துக்கொண்டு, தோட்டத்தின் தப்பான வாசலுக்குப் போய் நிற்பது நம்பும்படியும் இருக்கும், கொடுமையாகவும் இருக்கும். ஒரு வசனத்தை மறு டப்பிங் செய்து, ஒரு ஜீப் ஷாட் எடுத்தால் முடிந்தது. முதலில் சொன்ன தொண்ணூறு வினாடி நடையில் அந்த இரண்டாவது வாசலையும் காட்டிவிடுங்கள்.

கடைசி பதினான்கு நிமிட ஃபிளாஷ்பேக் படத்தை நிறுத்திவிடுகிறது. தமிழ் ரசிகர்கள் காரணம் கேட்பார்கள் என்ற உங்கள் வாதம் சரிதான். 1978-லேயே 'சிகப்பு ரோஜாக்கள்' கொலைகாரனின் சிறுவயதைக் காட்டியது. பிரச்சினை ஃபிளாஷ்பேக் இருப்பது அல்ல, துரத்தல் முடிந்த பிறகு வருவது. மூன்று நிமிடமாகக் குறைத்து, அந்தப் பெண் புகைப்புரைக்குள் ஒளிந்திருக்கும் இடத்தில் வையுங்கள். அங்கே காய்கிற ஷீட்டுகளுக்கு நடுவில் அவன் பழைய போட்டோவை அவள் பார்க்கிறாள், நமக்குக் காரணம் தெரிகிறது, கதவு திறக்கிறது.

சென்சாருக்குப் போகும் எண்ணம் இருந்தால் கோழி அறுக்கும் ஷாட்டை இப்போதே எடுத்துவிடுங்கள். விலங்கு நல வாரியத்தின் சான்று கேட்பார்கள், முன்னனுமதி வாங்காமல் எடுத்ததற்குப் பின்னால் வாங்குவது பெரும்பாடு. ஏ சான்றிதழ் கிடைத்தால் அப்படியே டிவியில் போட முடியாது. இப்போது யுஏ-விலேயே 7+, 13+, 16+ என்று பிரிவு இருக்கிறது. ரத்தத்தைக் குறைத்த 90 நிமிடப் படத்துக்கு 16+ கேட்டுப் பார்க்கலாம்.

பேட்ச் ஒர்க் எடுக்கும் இரவில் அந்தப் பகுதி ஸ்டேஷனுக்கு எழுத்தில் தகவல் கொடுங்கள், எல்லையை ஒட்டிய இடம் என்றால் இரண்டு பக்கமும். நடுராத்திரியில் அலறலும் ரத்தச் சட்டையும் பார்த்தால் ஊர் திரண்டுவிடும். வனத்துறை நிலத்துக்குள் ஒரு அடிகூட அனுமதியில்லாமல் வைக்காதீர்கள். வீசுகிற காட்சிக்கு நிஜ வெட்டுக்கத்தி கூடவே கூடாது, மாஸ்க்குக்கு வாங்கிய லேடெக்ஸில் மீதமிருப்பதைக் கொண்டே தெர்மோகோல் மேல் பூசி ஒன்று செய்துவிடலாம். எல்லாருக்கும் கணுக்கால் மூடும் பூட்ஸ், ஒவ்வொரு இடத்திலும் முதலில் கம்பால் சருகைத் தட்டிப் பார்க்க ஒரு பால்வெட்டுக்காரர்.

ஒன்றரை லட்சத்தில் ஒரு லட்சத்தைச் சத்தத்துக்கு ஒதுக்குங்கள்: ஃபோலி (காலடி போன்ற சத்தங்களைத் தனியாகப் பதிவு செய்வது), மறு டப்பிங், இசை, மிக்ஸிங். மீதியில் இரண்டு காலை, ஒரு ராத்திரி பேட்ச் ஒர்க். முதலில் எடிட்டை 90 நிமிடத்துக்குக் கொண்டுவந்து பூட்டுங்கள், பிறகு பேட்ச் ஒர்க், அப்புறம்தான் இசையமைப்பாளரிடம் கொடுங்கள். மிக்ஸிங் முடிந்ததும் தியேட்டர் ஸ்பீக்கரில் ஒருமுறை, சாதாரண போன் ஸ்பீக்கரில் ஒருமுறை கேளுங்கள். பலரும் போனில்தான் பார்க்கப்போகிறார்கள். பூட்ஸின் அந்த 'நொறுக்' போனில் கேட்கவில்லை என்றால், சத்தத்தைக் கூட்டாமல் அந்த இடத்தில் சில்வண்டுச் சத்தத்தைக் குறையுங்கள்.